கடைசிப் பத்து நிமிஷக் கணக்கு: லாக் எண்ணும் ஸ்கிரிப்டுக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, சர்வர் சப்போர்ட்டில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி உன்னிடம் வந்துவிடும்: "கடைசிப் பத்து நிமிஷத்துல எத்தனை லாகின் ஃபெயில் ஆகியிருக்கும்மா?" நைட் ஷிப்ட்டில் டீம் லீட் போனில் கேட்பார். லாக் ஃபைல் எதிரே இருக்கும். கிரெப் போட்டால் ஒரு எண் வந்துவிடும். ஆனால் அது பத்து நிமிஷத்து எண்தானா, இந்த வாரம் முழுக்கச் சேர்ந்த எண்ணா, ஒரே முயற்சியை இரண்டு தரம் எண்ணியிருக்கிறதா என்று அடுத்த கேள்வி வரும்போது உன்னிடம் பதில் இருக்க வேண்டும். எண்ணுகிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எதை, எந்த நேரத்திலிருந்து எண்ணச் சொல்கிறோம் என்பது நம் பொறுப்பு. இந்த ஸ்கிரிப்டில் முக்கால்வாசி உழைப்பு அதற்குத்தான் போகும்.

உபுண்டு, டெபியன் சர்வர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். ரெட் ஹேட் பக்கம் சில பெயர்கள் மாறும், சங்கதி ஒன்றுதான்.

முதலில் வரியைப் படி

ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்கு முன் லாக்கைத் திறந்து ஒரு ஐம்பது வரியாவது கண்ணால் படி. உபுண்டுவில் லாகின் சமாச்சாரம் எல்லாம் ஆத்.லாக் என்ற ஃபைலில் விழும். ரெட் ஹேட்டில் அதன் பெயர் செக்யூர். தப்பான பாஸ்வேர்டு போட்டவரைப் பற்றிய வரியில் முதலில் தேதியும் நேரமும் இருக்கும். அடுத்து சர்வரின் பெயர், அதற்கடுத்து எஸ்எஸ்எச்டி என்ற புரோகிராம் பெயரும் சதுர அடைப்புக்குள் பிராசஸ் எண்ணும். பிறகு செய்தி: "ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட் ஃப்ரம் 203.0.113.7 போர்ட் 51234 எஸ்எஸ்எச்2". அந்த சர்வரில் இல்லவே இல்லாத பெயரைப் போட்டு முயன்றிருந்தால் நடுவில் இரண்டு சொல் கூடிவிடும்: "ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் இன்வேலிட் யூசர் அட்மின் ஃப்ரம்" என்று போகும்.

இந்த இரண்டு சொல்லில்தான் நிறைய ஸ்கிரிப்ட் இடறுகிறது. பழைய பாணி லாக்கில் முதல் வகை வரியை இடமிருந்து எண்ணினால் பதினோராவது சொல் ஐபி முகவரி. இரண்டாவது வகையில் பதினோராவது இடத்தில் "அட்மின்" நிற்கும், ஐபி பதின்மூன்றாவதுக்குத் தள்ளிப்போயிருக்கும். ஆகவே வலப்பக்கமிருந்து எண்ணு. இரண்டு வகையிலும் கடைசியிலிருந்து நாலாவது சொல் ஐபிதான். ஆக் கட்டளையில் மொத்தச் சொல் எண்ணிக்கை என்எஃப் என்ற பெயரில் தயாராகக் கிடைக்கும். அதிலிருந்து மூன்றைக் கழித்தால் அந்த இடம். இதில் பாதுகாப்பு விஷயமும் ஒன்று உண்டு. யூசர் பெயர் என்பது வெளியிலிருந்து தாக்குகிறவன் தன் கையால் டைப் செய்வது. அதற்குள் இடைவெளி விட்டு "ஃப்ரம்" என்று எழுதி, சம்பந்தமில்லாத ஓர் ஐபியையும் சொருகி வைக்கலாம். வரியின் வால் பகுதியை எழுதுவது சர்வர். அங்கே அவன் கை எட்டாது.

அடுத்தது இரட்டைக் கணக்கு. இல்லாத பெயரில் ஒருவன் ஒரே ஒரு முறை முயன்றாலும் லாக்கில் நாலு வரிகூட விழும்: "இன்வேலிட் யூசர்" என்று ஒன்று, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பேம் எழுதும் "யூசர் அன்நோன்" ஒன்று, "ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்" ஒன்று, கடைசியாக "ஃபெயில்டு பாஸ்வேர்டு". நீ "ஃபெயில்" என்று மட்டும் தேடி, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்றும் சொல்லிவிட்டால் ஒரே முயற்சி இரண்டாகிவிடும். எந்த வரி ஒரு முயற்சிக்கு ஒரு தரம் மட்டும் வருகிறதோ அதைத் தேர்ந்தெடு. இங்கே அது "ஃபெயில்டு பாஸ்வேர்டு" வரி. ஜாவா அப்ளிகேஷன் லாக்கிலும் இதே கதைதான். "எக்ஸெப்ஷன்" என்று எண்ணினால், ஒரே பிழைக்குக் கீழே அடுக்கடுக்காக வரும் "காஸ்டு பை" வரிகளும் சேர்ந்துகொள்ளும்.

குறைத்து எண்ணுகிற ஆபத்தும் உண்டு. ஒரே செய்தி அடுத்தடுத்து வந்தால், லாக் ஃபைலை எழுதும் ஆர்சிஸ்லாக் அதை மடக்கி, "மெசேஜ் ரிப்பீட்டட் 5 டைம்ஸ்" என்று ஒற்றை வரியாக எழுதிவிடும். உபுண்டுவில் இதை அடிக்கடி பார்க்கலாம். அசல் செய்தி அந்த வரியின் அடைப்புக்குள்ளேயே இருப்பதால் கிரெப்பிடம் அது சிக்கும், ஆனால் ஒன்று என்றே கணக்காகும். நிஜத்தில் அது ஐந்து. தாக்குதல் மும்முரமாக நடக்கும்போதுதான் இந்த மடக்கல் அதிகமாகும். எண் பெரிதாக வரவேண்டிய சமயத்தில் சின்னதாக வரும் என்று அர்த்தம். ஆகவே ஆக்கில் தனி நிபந்தனை எழுதி, "ரிப்பீட்டட்" இருந்தால் அடுத்த சொல்லில் இருக்கும் எண்ணைக் கூட்டு, இல்லாவிட்டால் ஒன்றைக் கூட்டு என்று சொல்லிவிடு.

வெப் சர்வர் லாக்கில் 500 பிழைகளை எண்ணுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வெறும் 500 என்று தேடாதே. 500 பைட் அளவுள்ள பதிலும் மாட்டும், முகவரியில் 500 உள்ள பக்கமும் மாட்டும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டின் வழக்கமான வடிவத்தில் ஸ்டேட்டஸ் எண் ஒன்பதாவது சொல், பைட் அளவு பத்தாவது. ஒன்பதாவது சொல் 500-ஆ என்று ஆக்கிடம் கேள்.

நேரம்தான் பெரிய வேலை

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது இது: மணி 03:41 என்றால் நேரம் "03:4" என்று தொடங்கும் வரிகளை கிரெப்பில் தேடுவது. அதில் 03:40, 03:41 இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். 03:31-லிருந்து 03:39 வரை நடந்ததெல்லாம் வெளியே நின்றுவிடும். கடைசி ஆயிரம் வரியை டெயிலில் எடுத்து எண்ணுவதும் உதவாது. அமைதியான ராத்திரியில் ஆயிரம் வரி என்பது ஒரு நாளாக இருக்கலாம், தாக்குதல் நேரத்தில் அதுவே ஒரு நிமிஷமாகவும் இருக்கலாம்.

சரியான வழி, எல்லை நேரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிடுவது. லினக்ஸின் டேட் கட்டளையிடம் "10 மினிட்ஸ் அகோ" என்று கேட்டால் பத்து நிமிஷத்துக்கு முந்தைய நேரத்தை நீ கேட்கும் வடிவத்தில் கொடுக்கும். மேக் லேப்டாப்பில் இந்தக் கேள்வி எடுபடாது, அங்கே ஆப்ஷன் வேறு. லேப்டாப்பில் எழுதி சர்வரில் ஓட்டுகிற வழக்கம் இருந்தால் இதைக் கவனி.

லாக்கின் நேரம் ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ வடிவில் இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். 2025-03-05 என்று பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்குப் போவதால், சாதாரண எழுத்து ஒப்பீடே நேர ஒப்பீடாகிவிடும். எல்லை நேரத்தை ஆக்கிடம் மாறியாகக் கொடுத்து, "முதல் சொல் இதற்குச் சமமா, பெரியதா" என்று கேட்டால் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேர மண்டலத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பழைய சிஸ்லாக் வடிவம்தான் படுத்தும். அதில் ஆண்டே கிடையாது. மாதம் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. எழுத்து வரிசையில் ஒப்பிட்டால் ஏப்ரல் முதலில் வரும், ஆகஸ்ட் இரண்டாவது, ஜனவரி ஐந்தாவது. அதனால் பன்னிரண்டு மாதத்துக்கும் எண் கொடுத்து ஒரு சின்ன அட்டவணையை ஆக்கின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள். நாள் ஒற்றை இலக்கமாக இருந்தால் அதற்கு முன்னால் கூடுதலாக ஓர் இடைவெளி இருக்கும். ஆக் அதைப் பொருட்படுத்தாது. கட் கட்டளையில் இடைவெளியை வைத்துப் பிரித்தாயானால் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் எல்லாச் சொல்லும் ஓர் இடம் தள்ளிப்போகும். ஆண்டுக்கு ஒரு விதி எழுது: வரியின் மாதம் இப்போதைய மாதத்தைவிடப் பெரியதாக இருந்தால் அது போன வருஷத்து வரி. புத்தாண்டு ராத்திரி 12:05-க்கு ஓடும்போது இந்த விதி இல்லாவிட்டால், டிசம்பர் 31-ஆம் தேதி வரிகள் பதினொரு மாதத்துக்கும் மேல் எதிர்காலத்தில் இருப்பதாக ஸ்கிரிப்ட் நினைத்துக்கொள்ளும்.

இனி நம் ஊருக்கே உரிய ஐந்தரை மணி நேரம். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில்தான் ஓடும். நமக்குக் காலை 09:14 என்றால் அங்கே 03:44. ஸ்கிரிப்ட் அதே சர்வரில் ஓடினால் பிரச்சினை இல்லை, டேட் கட்டளையும் லாக்கும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கும். லாக்கை உன் லேப்டாப்புக்கு இழுத்து வந்து ஓட்டினால் எல்லை நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் போய்விடும், கணக்கு பூஜ்யம் என்று வரும். டாக்கர் வைத்திருக்கும் இடங்களில் வெளி மெஷின் இந்திய நேரத்திலும் உள்ளே ஓடும் அப்ளிகேஷன் யுடிசியிலும் இருப்பது சர்வ சாதாரணம். ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே இந்த லாக் எந்த நேர மண்டலம் என்று கமென்ட்டாக எழுதி வை. டேட்டிடம் கேட்கும்போதும் அதே மண்டலத்தில் கேள்.

இன்னொன்று. நேர மண்டலத்துக்கான டிஇசட், மொழிக்கான எல்சி-ஆல் போன்ற சூழல் மாறிகளை அலட்சியம் செய்யாதே. சிஸ்டத்தின் மொழி தமிழ் என்று அமைத்திருந்தால் டேட் கட்டளை மாதத்தின் பெயரைத் தமிழிலேயே தரும். லாக்கில் மாதம் ஆங்கிலத்தில் இருக்கும், இரண்டும் எந்தக் காலத்திலும் பொருந்தாது. எல்சி-ஆல் மாறிக்கு "சி" என்று ஸ்கிரிப்டின் தலையிலேயே மதிப்புக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை போகும். பெரிய ஃபைலில் கிரெப்பின் வேகமும் கூடும்.

அப்பாச்சி லாக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அது வரியை எழுதுவது வேலை முடிந்த பிறகு. ஆனால் வரியில் போடும் நேரம், கோரிக்கை வந்து சேர்ந்த நேரம். நாற்பது விநாடி இழுத்த ஒரு கோரிக்கை, தனக்குப் பின்னால் வந்தவற்றுக்குக் கீழே போய் உட்காரும். வரிகள் நேர வரிசையில்தான் இருக்கும் என்று நம்பி, ஃபைலை டேக் கட்டளையால் பின்னாலிருந்து படித்து, முதல் பழைய வரி கண்ணில் பட்டதும் நிறுத்துகிற உத்தி இங்கே சரிப்படாது. மெதுவான கோரிக்கைகளில்தான் 500 பிழைகளும் அதிகம் இருக்கும். கொஞ்ச தூரம் கூடுதலாகவே படித்து வடிகட்டு. ஆத்.லாக்குக்கு அந்த உத்தி தாராளமாகப் போதும்.

ஃபைல் மாறும் நேரம்

லாக்ரொட்டேட் என்ற புரோகிராம் பழைய ஃபைலை ஓரம் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஆத்.லாக் அப்போது ஆத்.லாக்.1 ஆகும். அதற்கும் பழையவை ஜிசிப்பில் சுருங்கிக் கிடக்கும், அவற்றைப் படிக்க இசட்கிரெப் வேண்டும். மாற்றம் வழக்கமாக நள்ளிரவை ஒட்டி நடக்கும். யுடிசி சர்வரில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. மாறிய இரண்டாவது நிமிஷத்தில் உன் ஸ்கிரிப்ட் ஓடினால் புது ஃபைலில் இரண்டு நிமிஷத்து வரிகள்தான் இருக்கும், மீதி எட்டு நிமிஷம் பழையதில். இதற்குப் பெரிய தந்திரம் தேவையில்லை. ஆக்கிடம் முதலில் .1 ஃபைலையும் அடுத்து புது ஃபைலையும் சேர்த்தே கொடு. நேர நிபந்தனை இருப்பதால் பழைய வரிகள் தானாகவே கழிந்துவிடும்.

இது உனக்கு வேறொரு வேலையையும் நினைவூட்டட்டும். இந்தியாவில் சர்வர் நடத்தும் நிறுவனங்கள் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு போட்டது. பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும், கடிகாரங்கள் என்டிபி மூலம் ஒத்து ஓட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. உபுண்டுவில் லாக்ரொட்டேட்டின் வழக்கமான அமைப்போ வாரம் ஒரு ஃபைல், நாலு ஃபைல் வரைதான். ஸ்கிரிப்ட் எழுதக் கையை வைக்கும்போதே அந்த அமைப்பையும் ஒரு பார்வை பார்த்து, குறைவாக இருந்தால் டீமில் சொல்.

பூஜ்யம் வந்தால் சந்தேகப்படு

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஐம்பது என்று வந்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள், தப்பாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பூஜ்யம் என்று வந்தால் எல்லோரும் நிம்மதியாகத் திரும்பிவிடுவார்கள். ஒன்றுமே நடக்காவிட்டாலும் பூஜ்யம், ஃபைலைப் படிக்க அனுமதி இல்லாவிட்டாலும் பூஜ்யம், லாக் எழுதுவதே நின்றுபோயிருந்தாலும் பூஜ்யம், வரியின் வடிவம் மாறிப்போயிருந்தாலும் பூஜ்யம்.

வடிவம் மாறுவது அபூர்வமான விஷயமும் இல்லை. 2023-இல் வந்த டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக்கின் நேர வடிவம் மூன்றெழுத்து மாதத்திலிருந்து ஐஎஸ்ஓவுக்கு மாறியது. அந்தப் பதிப்பில் ஆர்சிஸ்லாக்கையே தானாக நிறுவுவதும் இல்லை. தேடிப் போனால் ஆத்.லாக் என்ற ஃபைலே இருக்காது. 2024-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-இல் ஒவ்வொரு இணைப்பையும் கையாளும் வேலை தனிப் புரோகிராமுக்குப் போனதால், எஸ்எஸ்எச்டி என்று இருந்த இடத்தில் "எஸ்எஸ்எச்டி-செஷன்" என்று வரத் தொடங்கியது. "எஸ்எஸ்எச்டி, உடனே சதுர அடைப்பு" என்று இறுக்கமாகத் தேடிய ஸ்கிரிப்ட் எல்லாம் அப்கிரேடுக்கு மறுநாள் பிழை எதுவும் காட்டாமல் பூஜ்யம் கொடுத்திருக்கும்.

அதனால் உன் ஸ்கிரிப்ட் ஒரு எண்ணைக் கொடுத்தால் போதாது, இரண்டு எண் கொடுக்கட்டும். எல்லை நேரத்துக்குப் பிறகு மொத்தம் எத்தனை வரி பார்த்தது, அதில் எத்தனை தோல்வி. "பார்த்தது 312 வரி, தோல்வி 0" என்றால் நம்பலாம். "பார்த்தது 0 வரி" என்றால் எண்ணிக்கையே சொல்லாமல், லாக் வரவில்லை என்று பிழை காட்டி நிற்கட்டும். அப்படியே, கிரெப் திருப்பித் தரும் எக்ஸிட் கோடையும் பார்க்கக் கற்றுக்கொள். 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் தேடியது இல்லை, 2 என்றால் ஃபைலைத் திறக்கவே முடியவில்லை. பிழை வந்தால் உடனே நிற்கட்டும் என்று செட்-இ போட்டிருந்தால், ஒன்றும் கிடைக்காத நல்ல ராத்திரியில் கிரெப் கொடுக்கும் 1-ஐப் பிழை என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். அதையும் தனியாகக் கையாள். பிழைச் செய்திகளைத் திரையில் தெரியாமல் டெவ்-நல்லுக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். "பெர்மிஷன் டினைட்" என்ற முக்கியமான இரண்டு சொல் அதோடு போய்விடும்.

அனுமதி இல்லாவிட்டால் ரூட்டாக ஓட்டாதே. உபுண்டுவிலும் டெபியனிலும் ஆத்.லாக்கைப் படிக்க ஏடிஎம் என்ற குரூப்பில் சேர்ந்தால் போதும். எண்ணுகிற ஸ்கிரிப்டுக்கு எழுதும் உரிமை எதற்கு?

கூட்டிச் சொல்வது

மொத்த எண்ணோடு எந்த ஐபியிலிருந்து எத்தனை என்பதும் வேண்டும். ஆக்கிலேயே ஐபியைச் சாவியாக வைத்து எண்ணிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் ஐபியை மட்டும் வெளியே எடுத்து சார்ட், யூனிக் -சி, மறுபடி எண் வரிசையில் தலைகீழாக சார்ட் என்று போடு. யூனிக் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்க்கும். முதல் சார்ட்டை விட்டால் ஒரே ஐபி பத்து இடத்தில் துண்டு துண்டாக வரும். "ரிப்பீட்டட்" வரிகளைச் சரியாகக் கூட்ட வேண்டும் என்றால் ஆக் வழியே நல்லது. யூனிக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாக ஓட கிரானில் போடு. கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். டேட் வடிவத்தில் சதவீதக் குறிதான் நிறைந்திருக்கும் என்பதால் கட்டளையை அங்கேயே நேராக எழுதாமல் ஸ்கிரிப்ட் ஃபைலைக் கூப்பிடு. பாத் மாறியும் கிரானில் சுருக்கமாகவே இருக்கும், கட்டளைகளுக்கு முழு வழியைக் கொடு.

சிஸ்டம்டி உள்ள சர்வரில் இவ்வளவு பாடும் படாமல் ஜர்னல்சிடிஎல்லிடமே "சின்ஸ் 10 மினிட்ஸ் அகோ" என்று கேட்கலாம். நேரமும் ஃபைல் மாற்றமும் அதன் பொறுப்பாகிவிடும். யூனிட் பெயர் உபுண்டுவில் எஸ்எஸ்எச், ரெட் ஹேட்டில் எஸ்எஸ்எச்டி. என்னைக் கேட்டால் லாகின் கணக்குக்கு முதலில் இதைத்தான் முயல்வேன். ஆனால் ஒரு சர்வீஸ் மிதமிஞ்சிக் கொட்டினால் ஜர்னல் ஒரு வரம்புக்கு மேல் விட்டுவிடும். இயல்பான வரம்பு 30 விநாடிக்கு 10,000 வரி, டிஸ்க்கில் இடம் நிறைய இருந்தால் உயரும். எத்தனை விட்டது என்று "சப்ரெஸ்டு" என்ற சொல்லோடு ஒரு வரி எழுதி வைக்கும். அதையும் தேடிப் பார்.

தாக்குகிற ஐபியைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் நீ எழுதவே வேண்டாம். ஃபெயில்2பேன் இருக்கிறது. 10 நிமிஷத்தில் 5 தோல்வி என்றால் 10 நிமிஷம் தடை என்பது அதன் இயல்பான அமைப்பு. நம் ஸ்கிரிப்ட் மனிதர்களுக்குப் பதில் சொல்வதற்கு.

ப்ரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை ஃபைலைக் கையால் தயார் செய். ஒன்பது நிமிஷத்துக்கு முந்தைய தோல்வி ஒன்று, பதினொரு நிமிஷத்துக்கு முந்தையது ஒன்று, இல்லாத யூசர் ஒன்று, "மெசேஜ் ரிப்பீட்டட் 5 டைம்ஸ்" ஒன்று, வெற்றியான லாகின் ஒன்று. பதினொரு நிமிஷத்து வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லைக்குள் வை. விடை 7 வர வேண்டும். 3 வந்தால் ரிப்பீட்டட் வரியை ஒன்றாக எண்ணியிருக்கிறது, 8 வந்தால் பழைய வரி உள்ளே நுழைந்திருக்கிறது. பிறகு உன் மெஷினிலிருந்து அந்த சர்வருக்கே வேண்டுமென்று இரண்டு முறை தப்பான பாஸ்வேர்டு போட்டு எண் இரண்டு ஏறுகிறதா பார். ஃபெயில்2பேன் ஓடினால் இரண்டோடு நிறுத்திக்கொள். சோதனை ஃபைலை ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே வைத்து கிட்டில் சேர்த்துவிடு. அடுத்த அப்கிரேடு முடிந்ததும் அன்று ஷிப்ட்டில் இருப்பவர் சர்வரின் புது லாக்கிலிருந்து ஒரு வரியை எடுத்து அதில் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும்.